இரண்டு மழை பெய்த மன்னவனூர்

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள், காலை ஆறு பத்துக்குப் பழநி பஸ் நிலையத்தில் கோடைக்கானல் வண்டியில் ஏறினேன். அறுபத்து நான்கு கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய், மூன்று மணி நேரம். வண்டி நிறைய மாலை போட்ட சாமிகள். "சாமி, உள்ள தள்ளுங்க சாமி" என்று கண்டக்டர் கெஞ்சிக்கொண்டே இருந்தார், ஒரு சாமியும் தள்ளவில்லை. எனக்குச் சன்னலோரம் கிடைத்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பாலிதீன் பை. இந்த இரண்டும் இல்லாமல் நான் இந்த மலை ஏறியதே கிடையாது.

பழநி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். கடை அவர் பார்க்கிறார். எனக்கு அந்தச் சோலி ஒத்துவரவில்லை. பத்திரம், வழக்குத் தாள், மருத்துவ அறிக்கை என்று எது வந்தாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த முறை வந்த வேலை கொஞ்சம் வேறு மாதிரி. மன்னவனூரில் மூன்று வருடமாகத் தண்ணீரையும் மண்ணையும் அளந்துகொண்டிருக்கும் ஐரோப்பிய ஆய்வுக் குழுவுக்கு இரண்டு நாள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். முன்பு வந்துகொண்டிருந்தவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. "இரண்டு நாளும் பேச்சுதானே, அசத்திவிடுவேன்" என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது பழநியில் பலருக்கும் தெரியும்.

சவரிக்காட்டைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரரைப் பார்த்து டிரைவர், "ஏலே, ஓரமாப் போ, வெரசாப் போயி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற?" என்று சத்தம் போட்டார். எலுமிச்சம்பழம் வடகவுஞ்சி வரை காப்பாற்றியது. அதற்கப்புறம் பாலிதீன் பை காப்பாற்றியது. பெருமாள்மலையில் இறங்கி முகம் கழுவி, பதினைந்து ரூபாய்க்கு இஞ்சி டீ குடித்ததும் மறுபடியும் மனுஷியானேன்.

காலை ஒன்பதரைக்குக் கோடைக்கானல். பஸ் நிலையத்துக்கு வெளியே ஜீப் நின்றது. டிரைவர் முருகேசன், மன்னவனூர்க்காரர், என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. ஜீப்பின் முன்பக்கத்தைக் கம்பளியால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்து மடித்துவிட்டுத்தான் கதவையே திறந்தார்.

"இதென்னங்க, ஜீப்புக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"மேடம், நேத்து ராத்திரி வண்டி இங்கனதான் நின்னுச்சு. எங்க ஊர்ப்பக்கம் மார்கழி, தையில மூடாம விட்டா காலையில பனி மூணு விரக்கடைக்கு உறைஞ்சு கெடக்கும். பழக்கதோசம், இங்கனயும் மூடிட்டேன்."

மூன்று விரற்கடையெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டேன். மலைக்காரர்கள் குளிரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணம் பிறகு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

பின் இருக்கையில் ஹன்னா இருந்தார். ஜெர்மனிக்காரர், ஐம்பதை நெருங்கும் பெண்மணி, முழங்கால்வரை சேறு படிந்த பூட்ஸ். ஆய்வுக் குழுவின் தலைவி அவர்தான். மன்னவனூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். அந்த வழி முழுக்க எனக்கு வேலையை விளக்கினார். இந்த மேட்டுநிலம் ஒரு காலத்தில் புல்வெளியும் சோலைக்காடுமாக இருந்தது; பிறகு பாதிக்குமேல் வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டுவிட்டார்கள். புல் சரிவில் பெய்கிற மழையில் எவ்வளவு ஓடைக்குப் போகிறது, மரச் சரிவில் எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. பணம் ஐரோப்பிய மக்களின் வரிப்பணம்.

"அதனால் எங்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு" என்றார் ஹன்னா. "நாங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரரும் பார்க்கலாம், இங்கே முருகேசனும் பார்க்கலாம்."

"அப்படின்னா ஒளிச்சு மறைக்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன். முருகேசனுக்கும் தமிழில் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, "நம்ம ஊருல இப்பிடி இருந்தா எப்பிடி இருக்கும்!" என்றார்.

பூம்பாறையைக் கடந்து, படிக்கட்டு வயல்கள் பின்னால் போனதும் ஹன்னா விஷயத்துக்கு வந்தார். புல் சரிவின் அடியில் பாண்டியம்மாள் என்ற பெண்ணின் தோட்டம். அங்கே இரண்டு மழைமானிகள். ஒன்று சாதாரணமானது: புனல், அடியில் பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குழல். தினமும் காலை எட்டரைக்குப் பாண்டியம்மாள் அளந்து நோட்டில் எழுதுவார். அதிலிருந்து பத்தடியில் தானியங்கி மிஷின்: உள்ளே இரண்டு குட்டிக் கிண்ணங்கள், ஒன்று நிறைந்தால் கவிழும், கவிழ்ந்ததைப் பெட்டி குறித்துக்கொள்ளும். ஆடி, ஆவணி மழையில் நோட்டும் மிஷினும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. கார்த்திகை வந்தால் நோட்டில் மழை எக்கச்சக்கம், மிஷினில் பாதிகூட இல்லை. மூன்று வருடமும் இதே கதை.

"மிஷின் கெட்டுப்போயிருக்கலாமே?"

"ஒவ்வொரு முறை வரும்போதும் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்க்கிறேன். துல்லியமாகக் கணக்குச் சொல்கிறது."

"அப்ப ஓடைத் தண்ணி?"

ஹன்னாவின் முகம் மலர்ந்தது. "அதுதான் அதிசயம். குளிர் மாதங்களில் மிஷின் சொல்லும் மழையைவிட ஓடையில் ஓடும் தண்ணீர் அதிகம். மூடுபனி! புற்கள் மூடுபனியைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. இரண்டு வருடமாக அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்." பிறகு குரல் இறங்கியது. "நோட்டு மட்டும் இடிக்கிறது. இறுதி அறிக்கைக்கு இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும்."

இங்கேதான் நான் என் திருவாயைத் திறந்தேன். "பள்ளிக்கூடத்தில் நாங்கள் ரெக்கார்டு நோட்டு எழுதிய கதை தெரியுமா? ஆறு மாதச் சோதனையை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவோம். நம் ஆட்கள் குளிருக்குப் பயந்து வெளியே போகாமல், அடுப்படியில் உட்கார்ந்து தோன்றியதை எழுதியிருப்பார்கள்." ஹன்னா தலையை அசைத்தார். என் பேச்சு எடுபட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பகல் பதினொன்றரைக்கு மன்னவனூர். ஆட்டுப் பண்ணையைத் தாண்டியதும் வானம் திடீரென்று பெரிதாகிவிடுகிறது. பழநியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவரோ ஒரு மொட்டைத் தலையோ கண்ணில் படும். இங்கே புல், புல், அதற்கப்புறம் மேகம். சரிவுகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும். எல்லா வேலியிலும் உரச் சாக்குகளும் கோணிகளும் வெயிலில் காய்ந்தன. கிழங்கு அள்ளும் காலம்போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பாண்டியம்மாள் தோட்டத்து வாசலிலேயே நின்றார். நாற்பது வயதிருக்கும், தலையில் கம்பளித் தொப்பி, சேலைமேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். "வாங்கக்கா, வாங்க. சுடுதண்ணி வச்சிருக்கேன், முகத்தக் கழுவுங்க. பஸ்ஸுல வந்தவக மொகம் பச்சையாக் கெடக்கு" என்றார். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பூண்டுக் குழம்பும் காரட் பொரியலும். நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று நோட்டு, மூன்றுக்கும் செய்தித்தாள் அட்டை. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. உறவில் ஒரு சாவுக்குப் போன நாளில் வீட்டுக்காரர் அளந்திருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் பெயர். நீர் பட்டு மை கலைந்த பக்கங்கள் இருந்தன, சேற்று விரல் பதிந்த பக்கங்களும் இருந்தன. அடுப்படியில் உட்கார்ந்து எழுதிய நோட்டு இப்படி இருக்காது. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நான்கு மணிவரை ஹன்னா கேள்வி கேட்டார், நான் மாற்றிச் சொன்னேன். எத்தனை மணிக்கு அளக்கிறீர்கள், குழலை எப்படிப் பிடிக்கிறீர்கள், பாட்டில் நிரம்பி வழிந்தால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் சரியான பதில். கடைசியில் ஹன்னா மூச்சை இழுத்துவிட்டு, குளிர் மாதங்களுக்கு நோட்டை அறிக்கையில் சேர்க்க முடியாது என்றார். ஒரு பகுதியை விட்டால் நோட்டு முழுவதையும் விட வேண்டியிருக்கும், மிகவும் வருந்துகிறேன் என்றார்.

நான் சர்க்கரை தடவிப் பார்த்தேன். "பாண்டியம்மா, உங்க உழைப்பு ரொம்பப் பெருசுன்னு சொல்றாங்க. ஆனா கணக்கு பண்ற முறையில கொஞ்சம்..."

"நேராச் சொல்லுங்கக்கா. நான் பொய்யி எழுதியிருக்கேன்னு சொல்றாகளா?"

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்பிடி? மிஷினு சொல்றது நெசம், நான் சொல்றது நெசமில்லேங்கிறாக. மூணு வருசம்க்கா. காய்ச்சல்ல கெடந்தப்பவும் வெள்ளனே எந்திரிச்சுப் போயி அளந்தேன். எம்புள்ளைக காதுகுத்துக்குக்கூட எட்டரை தாண்டித்தான் கோயிலுக்குப் போனோம். ஊருல என்னைய மழைக்காரின்னு கூப்பிடுறாக. நாளைக்கு அவுக மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?"

ஹன்னா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஜீப்பில் நான் அளந்துவிட்ட பேச்சுக்கு இந்தத் தீர்ப்பில் எவ்வளவு பங்கு என்று தெரியாமல் தவித்தேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். பாண்டியம்மாள் நோட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

மாலை ஐந்தேகால். ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறியது. வழக்கமாக ஹன்னா நான்கு மணிக்கே கோடைக்கானலுக்குத் திரும்பிவிடுவாராம்; அன்றைக்கு மறுநாளும் வேலை இருந்ததால் பக்கத்து விருந்தினர் விடுதியில் தங்குவதாக ஏற்பாடு. முருகேசன் ஜீப்பைக் கம்பளியால் மூடப் போனார். எதிர்த் தோட்டத்தில் ஒருவர் முட்டைக்கோஸ் நாற்றுகளின் மேல் கோணி விரித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தண்ணீர் மோட்டாரைச் சாக்கால் சுற்றினார். ஊரே எதையாவது மூடிக்கொண்டிருந்தது.

பாண்டியம்மாளும் எழுந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியில் காய்ந்த ஒரு கோணியையும் பிளாஸ்டிக் உரச் சாக்கையும் எடுத்தார். நேரே தானியங்கி மிஷினிடம் போனார். தலையில் முதலில் கோணி, அதன்மேல் உரச் சாக்கு, இடுப்பில் கயிறு, ஒரு சுருக்கு. காற்று புகாமல் ஓரங்களைச் செருகி, இரண்டு தட்டுத் தட்டினார். மூன்று வருடம் பழகிய கை, அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஹன்னா நின்றிருந்தார். கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து பூட்ஸில் கொட்டுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கேளுங்கள்" என்றார் என்னிடம், மிகவும் மெதுவாக. "என்ன செய்கிறார் என்று கேளுங்கள்."

நான் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். "பாண்டியம்மா, என்ன பண்றீங்க?"

"பாத்தாத் தெரியலையாக்கா? பனிக்கு மூடுறேன்." குரலில் கோபம் குறையவில்லை.

"தினமுமா?"

"கார்த்திகை பொறந்ததுலருந்து மாசி வரைக்கும் தெனமும். பொழுது சாய மூடி, காலையில எடுத்துருவேன். உள்ள ஒயரு கெடக்கு, கிண்ணம் கெடக்கு, உறைஞ்சு வெடிச்சுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கடல் தாண்டி வந்த சாமான். எங்கிட்ட நம்பி விட்டுட்டுப் போயிருக்காக."

"உங்க மழைமானிய மூட மாட்டீங்களா?"

"அதுக்கு எதுக்கு? அது தகரமும் பாட்டிலும்தானே, அதுக்கு என்ன ஆகப்போகுது?"

"இவ்வளவு கோவத்துலயும் மூடுறீங்களே!"

"கோவம் மனுசங்க மேல. மிஷினு என்னக்கா பண்ணுச்சு?"

நான் திரும்பி ஹன்னாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "மூடுபனி" என்றார். "இரண்டு வருடம்! நாற்பது பக்கம்! சாக்கு!"

கார்த்திகை, மார்கழியில் மன்னவனூர் மழை பெரும்பாலும் ராத்திரியில்தான் பெய்யும். அந்த மழை முழுவதும் உரச் சாக்கின் மேல் விழுந்து வழிந்து போயிருக்கிறது. ஓடையில் கூடுதலாக ஓடியது மூடுபனித் தண்ணீர் இல்லை, அதே ராத்திரி மழைதான். மிஷின் பகல் மழையை மட்டும் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பத்தடியில் பாண்டியம்மாளின் பாட்டில் உள்ளதை உள்ளபடி பிடித்திருக்கிறது. புல் சரிவில் பெய்த மழையை அறிய இனி அந்த நோட்டு ஒன்றுதான் கதி.

இதைத் தமிழில் சொன்னபோது பாண்டியம்மாளின் முகம் முதலில் வெளுத்தது. "அப்ப மிஷினைக் கெடுத்தது நானா?" என்றார்.

ஹன்னா எழுந்து வந்து அவர் எதிரே நின்றார். "மிஷின் கெடவில்லை. அது உறையாமல் இருக்க உள்ளேயே ஏற்பாடு உண்டு. அதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான்கு மணிக்குமேல் இங்கே இருந்ததும் இல்லை. உங்கள் நோட்டு சரி. நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். நான் அதை மாற்றிச் சொல்லிவிட்டு, என் பங்குக்கும் சொன்னேன்: "பாண்டியம்மா, ஜீப்புல வரும்போது நீங்க அடுப்படியில உக்காந்து எழுதியிருப்பீங்கன்னு இவங்ககிட்டச் சொன்னது நான்தான். என்னையும் மன்னிச்சுக்கங்க."

பாண்டியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூணு தடவை சோறு வாங்கும்போது அது ஞாபகம் வரலையாக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் உயிர் வந்தது.

முருகேசன் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "சாக்கு போடுறது எனக்குத் தெரியுமே மேடம், ஊருக்கே தெரியும். யாரும் கேக்கலையே" என்றார்.

அன்று ராத்திரி மிஷினை மூடக் கூடாது என்று முடிவானது. பாண்டியம்மாள் கயிற்றை அவிழ்த்தார், சாக்கை எடுத்தார், கோணியை எடுக்க மட்டும் மனம் வராமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை எட்டரை. விடிவதற்கு முன் ஓட்டின்மேல் மழைச் சத்தம் கேட்டிருந்தது. குளிரில் பல் கிட்டியது. மூன்று விரற்கடைப் பனி இல்லாவிட்டாலும், முருகேசன் குளிரைக் கூட்டிச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். பாண்டியம்மாள் பாட்டிலைக் கண்ணாடிக் குழலில் கவிழ்த்து, குழலைச் சமமான கல்லின்மேல் வைத்தார். ஹன்னா நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"குனிஞ்சு பாக்கச் சொல்லுங்கக்கா. நின்னுக்கிட்டுப் பாத்தா அளவு கூடுதலாத் தெரியும். கண்ணு தண்ணிக்கு நேரா வரணும்."

ஹன்னா மண்டியிட்டார், நானும் மண்டியிட்டேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். ஹன்னா பெட்டியைத் திறந்து கம்ப்யூட்டரில் பார்த்தார். பதினொன்று புள்ளி எட்டு. பாண்டியம்மாள் ஸ்வெட்டரில் கையைத் துடைத்தார், நோட்டைத் திறந்து பன்னிரண்டு என்று எழுதினார்.

புறப்படும்போது ஹன்னா இன்னொன்றும் சொன்னார். அறிக்கையில் இதுவரை 'உள்ளூர் உதவியாளர்' என்று போட்டிருந்த இடத்தில் இனி பாண்டியம்மாள், மன்னவனூர் என்று முழுப் பெயர் வரும்.

"அதை யாரு வேணாலும் பாக்கலாமாக்கா? அந்த ஊரு சனங்களும்?"

"அவங்க பணம்தானே. யார் வேணாலும் திறந்து பாக்கலாம்."

பாண்டியம்மாள் யோசித்தார். "அப்ப நான் சாக்கு போட்டு மூடுனதையும் எழுதச் சொல்லுங்க. எந்த மாசத்துலருந்து எந்த மாசம் வரைக்கும், எத்தனை மணிக்கு மூடி எத்தனை மணிக்கு எடுத்தேன்னு நான் சொல்றேன். எம்பேரப் போட்டுட்டு அதை மட்டும் மறைச்சா, அப்புறம் நோட்டுலயும் ஏதாச்சும் மறைச்சிருப்பேன்னுதானே நினைப்பாக?"

ஹன்னா பேனாவை எடுத்தார். பாண்டியம்மாள் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன், ஹன்னா எழுதினார். இருபது வருடமாக எத்தனையோ வாக்குமூலம் மொழிபெயர்த்திருக்கிறேன். தனக்கு எதிராக இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

பகல் இரண்டரைக்குக் கோடைக்கானலில் பழநி பஸ். ஏறும்போது போலவே இறங்கும்போதும் எழுபது ரூபாய்தான். இந்த முறை வடகவுஞ்சியில் வயிறு ஒத்துழைத்தது. ஆறு மணிக்கு அடிவாரம். கூட்டம், வெக்கை, பூ வாசம், ஒலிபெருக்கி. கடையில் அவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"வா சிவகாமி. மேல மழையா?"

வேறு நாளாக இருந்தால் 'ஐயோ, கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு, ஊரே மிதக்குது' என்று ஆரம்பித்திருப்பேன்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்றேன்.

அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அளந்தா பாத்த?"

"ஆமாங்க. மண்டி போட்டுக் குனிஞ்சு பாத்தேன்."